நான்கு வரி போதும்

பேர்லின் மாநகரின் தெற்கில் இருக்கும் நொய்கெல்னுக்கு 1912 வரை ரிக்ஸ்டோர்ஃப் என்று பெயர். மதுச்சாலைகளும் ஆட்டக் கூடங்களும் மலிந்த ஊர் என்ற கெட்ட பெயர் ரிக்ஸ்டோர்ஃபோடு ஒட்டிக்கொண்டதால் அந்த ஆண்டு ஊரின் பெயரையே மாற்றினார்கள். பெயர் மாறியது, குடி மாறவில்லை. 1872இல் தொடங்கிய கிண்ட்ல் பியர் ஆலை 2005 வரை அங்கே இயங்கியது. இன்று அந்தக் கட்டடம் ஒரு கலைக்கூடம். ஆனால் குடிப்பதற்கு ஆலை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. கார்ல் மார்க்ஸ் வீதியிலோ ஹெர்மன் வீதியிலோ நடந்தால், இரவு நெடுநேரம் திறந்திருக்கும் 'ஷ்பேட்டி' எனப்படும் சிறுகடைகள் அடுத்தடுத்து வரும். உள்ளே குளிர்பெட்டி நிறையப் பியர் போத்தல்கள். பதினாறு வயது நிரம்பியவருக்குப் பியரும் வைனும் விற்க ஜேர்மன் சட்டம் அனுமதிக்கிறது. குடியை விட்ட ஒருவர் இந்த வீதிகளின் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போய்த் திரும்ப வேண்டும். கடைகள் அவருக்காக மூடப்போவதில்லை. ஆகவே அவருக்கு ஒவ்வொரு நாளும் கைகொடுக்கக்கூடிய, களைத்துப்போன இரவிலும் செய்யக்கூடிய ஒரு பழக்கம் தேவை. பன்னிரண்டு படிகள் என்ற மீட்பு முறையில் அப்படியொரு பழக்கம் இருக்கிறது. தன்னைத்தானே கணக்கெடுத்து எழுதுவதுதான் அது. அது பலன் தர வேண்டுமானால் சுருக்கமாகவும் எளிமையாகவும் இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நொய்கெல்னை எடுத்துக்கொள்வதற்குத் தமிழர் வரலாறும் ஒரு காரணம். 1980களில் இலங்கையை விட்டுப் புறப்பட்ட தமிழர்களில் பலர் கிழக்கு ஜேர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் வந்து அகதி அந்தஸ்து கேட்டார்கள். மேற்கு ஜேர்மன் விசா இல்லாத தமிழர்களுக்கு 1985இல் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை அடைத்தது. ஷோனஃபெல்ட் இருப்பது நொய்கெல்ன் மாவட்டத்தின் தெற்கு எல்லைக்கு அப்பால், மிக அருகில். இன்று அதே மாவட்டத்தின் பிரிட்ஸ் பகுதியில், 2013இல் குடமுழுக்குக் கண்ட மயூரபதி முருகன் கோயில் நிற்கிறது. இப்படி வேர்விட்ட ஒரு சிறிய சமூகத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அது பெரிய பலம். ஆனால் குடிநோய் என்று வரும்போது அதே நெருக்கம் வாயை அடைத்துவிடுகிறது. கலியாண வீட்டில் ஒருவர் நிலை தடுமாறினால் பார்த்தவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள், வீட்டுக்காரர் சாட்டுச் சொல்லிச் சமாளிப்பார்கள். அவர் குடியை விட்டுவிட்டால், ஏன் குடிக்கவில்லை என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அவரே விழாக்களைத் தவிர்ப்பார். உள்ளே நடப்பதைச் சொல்ல ஆளில்லாத இடத்தில்தான், தன்னிடம் தானே உண்மை பேசும் பழக்கம் மிகவும் தேவைப்படுகிறது.

பன்னிரண்டு படி முறையின் தொடக்கம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில். பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், 1935இல் சந்தித்தார்கள். தனியே முயன்று தோற்ற இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசியே குடியிலிருந்து விலகி நின்றார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1953இல் அமெரிக்கப் படைவீரர்கள் வழியாக மியூனிக் நகரில் அது ஜேர்மனிக்குள் வந்தது. இந்தியாவில் 1957இல் வேர்விட்டது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தபின் 1980இல் அவர் பெயரில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை, குடியைப் பாவமாகப் பார்க்காமல் நோயாகப் பார்க்கத் தமிழ்நாட்டைப் பழக்கியதில் முன்னோடி. பன்னிரண்டு படிகளில் தன்னைக் கணக்கெடுப்பது மூன்று இடங்களில் வருகிறது. நாலாம் படியில், இதுவரை வாழ்ந்த வாழ்க்கையைப் பயமில்லாமல் பார்த்து எழுத வேண்டும். ஐந்தாம் படியில், எழுதியதை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பத்தாம் படியில், அந்தக் கணக்கை நாள்தோறும் தொடர்ந்து, தவறு தன்னுடையது என்றால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏ.ஏ.யின் அடிப்படைப் புத்தகம் 1939இல் வந்தது. நாலாம் படியை அது விளக்கும் விதம் வியாபாரிகளுக்குப் புரியும் விதம். பலசரக்குக் கடைக்காரர் ஆண்டுக்கொருமுறை இருப்பெடுப்பார். கெட்டுப்போன சாமானைத் தூக்கி எறிவார், நல்லதை ஒழுங்காக அடுக்குவார். ஏன் கெட்டது என்று உட்கார்ந்து அழமாட்டார். அந்தப் புத்தகம் தரும் மாதிரிப் பட்டியலில் மூன்றே பத்திகள்: யார்மேல் மனக்கசப்பு, அதற்குக் காரணம் என்ன, அது என்னிடம் எதைத் தொட்டது. உதாரணமாகக் காட்டுவது நான்கு பேரை மட்டும். எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதன்பின் ஒரு கேள்வி: மற்றவர் செய்ததை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் இதில் என் தவறு எது? பிறர் குற்றத்தைப் பார்க்கிற கண்ணால் தன் குற்றத்தையும் பார்க்க வேண்டும் என்பதைத் திருக்குறளின் 'புறங்கூறாமை' அதிகாரத்திலேயே நாம் படித்திருக்கிறோம். அந்தப் பழைய அறத்தை, நடுங்கும் கையோடு இருக்கும் ஒரு மனிதர் இன்றிரவே செய்யக்கூடிய வேலையாக மாற்றியதுதான் 1939ஆம் ஆண்டுப் பட்டியலின் சாதனை. அதன் வலிமை அதன் சிறிய அளவில் இருக்கிறது.

காலப்போக்கில் அந்தப் பட்டியல் வீங்கியது. 1953இல் வில்சன் எழுதிய இரண்டாவது நூல் ஒவ்வொரு படிக்கும் தனிக் கட்டுரை தந்தது. நாலாம் படியை விளக்க ஏழு பெரும்பாவங்களைத் துணைக்கு அழைத்தது. பின்னால் வந்த வழிகாட்டிப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகக் கேள்விகளை அடுக்கின. குழந்தைப் பருவம், பெற்றோர், பள்ளி, பணம், காமம், வேலை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அத்தியாயம். எழுதியவர்களின் நோக்கம் நல்லதுதான். ஆனால் ஸ்மித் இந்த ஆபத்தை முன்பே கண்டிருந்தார். 1950 ஜூலையில் கிளீவ்லாண்டில் நடந்த முதல் சர்வதேச மாநாட்டில், உடல் நலிந்த நிலையில் மேடையேறிய அவர், இந்த முறையின் எளிமையைக் காப்பாற்றுங்கள், உளவியல் சிக்கல்களை உள்ளே கொண்டுவந்து குழப்பாதீர்கள், எல்லாப் படிகளையும் காய்ச்சி வடித்தால் அன்பும் சேவையும்தான் மிஞ்சும் என்ற பொருளில் பேசினார். அந்த நவம்பரிலேயே அவர் இறந்துவிட்டார். ஒரு மருத்துவர், தன் கடைசிப் பெரிய உரையில், தன்னால் உயிர் பிழைத்தவர்களிடம் சொல்லத் தேர்ந்தெடுத்தது இதைத்தான் என்பதை நாம் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது.

நீண்ட கணக்கு ஏன் தோற்கிறது என்பதற்கு உடலிலேயே ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகள் நிறையக் குடித்தவரின் மூளை, குடியை நிறுத்திய முதல் வாரங்களில் முழுத் திறனோடு வேலை செய்வதில்லை. கவனம் நிற்காது, நினைவு தடுமாறும், திட்டமிடும் ஆற்றல் குறைந்திருக்கும், தூக்கம் கெட்டிருக்கும். வாரங்களும் மாதங்களும் போகப் போகத்தான் இவை மீளும். இந்த நிலையில் இருப்பவரிடம் நூறு கேள்விகளைக் கொடுத்து வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னால் பத்தாவது கேள்வியில் நின்றுவிடுவார், தன்னால் எதையுமே முடிக்க முடியாது என்ற பழைய முடிவுக்கு மறுபடியும் வந்து சேருவார். மனம் சார்ந்த காரணமும் உண்டு. தன் துயரத்தையே சுற்றிச் சுற்றி நினைப்பது மனச்சோர்வைக் குறைக்காமல் நீட்டிக்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா 1991 முதல் தன் ஆய்வுகளில் காட்டிவந்தார். 1939ஆம் ஆண்டுப் புத்தகமே, இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும்போது கவலையிலும் கழிவிரக்கத்திலும் மூழ்கிவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறது. அளவு மீறிய கணக்கு சுயபரிசோதனையாகத் தொடங்கிச் சுயவதையாக முடியும். சுயவதை தாங்க முடியாமல் போகும்போது அதற்கு ஒரு மருந்து முன்பே தெரியும். அது தெருமுனைக் கடையில் கிடைக்கிறது.

இன்னொரு காரணம் நுட்பமானது. நீண்ட கணக்கு ஒரு நல்ல ஒளிவிடம். முப்பது பக்கம் எழுதியவர், அந்த முப்பது பக்கத்துக்குள் தான் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற ஒரே ஒரு வரியைப் புதைத்துவிட முடியும். அப்பா அடித்தார், அதனால் பயந்தேன், பயந்ததால் பொய் சொன்னேன் என்று காரணங்களின் சங்கிலி நீள நீள, நேற்று மனைவியின் பணப்பையிலிருந்து எடுத்த ஐம்பது யூரோ பார்வையிலிருந்து மறைந்துவிடும். நான்கு வரியில் ஒளிய இடமில்லை. ஆகவே எளிமை என்பது சோம்பேறிக்குத் தரும் சலுகை என்று நினைப்பது தவறு. சுருக்கமாக எழுத வேண்டும் என்றால் எது முக்கியம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்கும்போதுதான் மனிதன் தன்னை ஏமாற்றுவது வெளிப்படுகிறது.

அப்படியானால் அந்த நான்கு வரி எவை? இன்று என்னைக் குத்தியது எது? அது என்னிடம் எதைத் தொட்டது: பயத்தையா, மானத்தையா, பணத்தையா? அதில் என் பங்கு என்ன? நாளை நான் செய்ய வேண்டியது என்ன? ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்பவரை எண்ணிப் பாருங்கள். முதலாளி எல்லோர் முன்னாலும் ஏசினார், மானம் போனது, ஆனால் நான் அரை மணி நேரம் பிந்திப்போய் ரயிலைச் சாட்டினேன், நாளை உண்மையைச் சொல்லிவிட்டு நேரத்துக்குப் போவேன். இவ்வளவுதான். இதை எழுத ஐந்து நிமிடம் போதும். பகல் நேரத்துக்கு இதைவிடவும் சிறிய சோதனை ஒன்று ஏ.ஏ. வட்டாரங்களில் புழங்குகிறது. குடிக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தால், எனக்கு இப்போது பசியா, கோபமா, தனிமையா, களைப்பா என்று கேட்டுக்கொள்வது. இது வெறும் நம்பிக்கையல்ல. மீண்டும் குடிக்கு விழுவது எப்போது நடக்கிறது என்று ஆராய்ந்த ஆலன் மார்லட்டும் ஜூடித் கோர்டனும் 1985இல் வெளியிட்ட நூலில், பெரும்பாலான விழுகைகளை மூன்று சூழல்களில் கண்டார்கள்: கோபம், சோகம் போன்ற கசந்த மனநிலை, பிறரோடு சண்டை, பிறரின் வற்புறுத்தல். மார்லட் பன்னிரண்டு படி மரபைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் அவர் கண்ட சூழல்கள் ஏறக்குறைய அந்தப் பழைய பட்டியலின் முதல் பத்தியில் எழுதப்படுபவைதான். ஒரு மனக்கசப்பை அது முளைத்த அன்றே எழுதிச் சிறிதாக்கிவிடுவது, விழக்கூடிய இடத்தை முன்கூட்டியே அடையாளம் காண்பது.

நொய்கெல்னில் வாழும் தமிழருக்கு எளிமை இன்னொரு கதவையும் திறக்கிறது. பேர்லினில் ஏ.ஏ. கூட்டங்கள் பெரும்பாலும் டொச் எனப்படும் ஜேர்மன் மொழியில் நடக்கின்றன, ஆங்கிலத்திலும் நடக்கின்றன. வேலைக்குப் போதுமான டொச் தெரிந்தவருக்கும் மனத்தின் உள்ளடுக்குகளைப் பேசும் டொச் இருக்காது. முப்பது பக்கக் கணக்கை அவரால் யாரிடமும் சொல்ல முடியாது. நான்கு வரிக் கணக்கைத் தமிழில் எழுதி, தெரிந்த டொச்சில் சொல்லிவிடலாம். கோபம் வந்தது, பொய் சொன்னேன், வெட்கமாக இருக்கிறது, நாளை போய்ச் சொல்வேன் என்பதற்கு இலக்கணம் பெரிதாகத் தேவையில்லை. தன் சமூகத்தில் யார் காதுக்குப் போகுமோ என்று அஞ்சுபவருக்கு, சமூகத்துக்கு வெளியே உள்ள ஒருவர் கேட்பது ஒரு விடுதலையாகவே இருக்கும். ஐந்தாம் படியைக் கேட்பவர் ஏ.ஏ.யில் வழிகாட்டும் 'ஸ்பான்சர்' ஆக இருக்கலாம், மதகுருவாக இருக்கலாம், வைத்தியராக இருக்கலாம். அடிப்படைப் புத்தகமே இந்தச் சுதந்திரத்தைத் தருகிறது. தாய்மொழியில் எழுதி, ஊர்மொழியில் சொல்லும் வழி கணக்கு சிறியதாக இருந்தால்தான் சாத்தியம்.

இதற்கு எதிராக எழக்கூடிய வலுவான கேள்வி ஒன்று உண்டு. போரைப் பார்த்தவர், சிறையில் வதைபட்டவர், உறவுகளை இழந்தவர், இவர்களின் குடிக்குப் பின்னால் இருக்கும் வலி நான்கு வரியில் அடங்குமா? அடங்காது. அடங்க வேண்டும் என்று கேட்பதே கொடுமை. ஆனால் இந்தக் கேள்வி எளிமைக்கு எதிரான வாதமாக எனக்குத் தெரியவில்லை, எளிமையின் எல்லையைக் காட்டும் வாதமாகவே தெரிகிறது. தன்கணக்கு என்பது தான் செய்ததற்கான கணக்கு, தனக்குச் செய்யப்பட்டதற்கான கணக்கு அல்ல. வதைக்கப்பட்டவரிடம் அதில் உன் பங்கு என்ன என்று கேட்பது மருந்தாகாது, இரண்டாவது வதையாகும். எதையும் விடாமல் எழுதச் சொல்லும் நீண்ட வழிகாட்டிகளில்தான் இந்த ஆபத்து அதிகம். அவை எல்லாக் காயங்களையும் ஒரே பட்டியலுக்குள் இழுத்து, பயிற்சி இல்லாத ஒருவர் முன்னால் திறக்க வைக்கின்றன. அந்தக் காயங்களுக்கு வேறு இடம் வேண்டும். சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கான சிகிச்சை நிலையம் 1992 முதலே பேர்லினில் இயங்குகிறது, இன்று அதன் பெயர் 'ஸென்ட்ரும் உபர்லேபன்'. அத்தகைய இடங்களில் பயிற்சி பெற்றவர்களின் துணையோடு அந்த வலியைத் தொட வேண்டும். இரவில் எழுதும் நான்கு வரி அன்றைய நாளை மட்டும் சுமக்கட்டும்.

குடி ஒரு நோய் என்றால் நோயாளியிடம் ஏன் தவறுகளின் பட்டியல் கேட்க வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. ஜேர்மனியில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. 1968 ஜூன் 18 அன்று கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம் குடிநோயைச் சட்டப்படி நோய் என்று ஏற்றது. அதன் பயனாகவே இன்று சிகிச்சைச் செலவைக் காப்புறுதி ஏற்கிறது. நோயாளியானது அவர் குற்றமல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நோயின் நடுவே சொன்ன பொய்யும் உடைத்த வாக்கும் மனைவி, பிள்ளைகளின் வாழ்க்கையில் உண்மையாகவே நடந்தவை. நோய் என்று சொன்னதும் அவை அழிந்துவிடுவதில்லை. நீரிழிவு வந்ததற்கு யாரையும் குற்றம் சொல்வதில்லை, சாப்பாட்டைக் கவனிக்கும் பொறுப்பை மட்டும் அவரிடம் கொடுக்கிறோம். இங்கும் அதே பிரிவினைதான். அதோடு, எழுத்து மருந்தின் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறையக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் வரலாம், உயிரும் போகலாம். முதலில் குடும்ப வைத்தியர் அல்லது மருத்துவமனை, பிறகுதான் கொப்பி.

கடவுள் என்ற சொல்லைக் கண்டு பின்வாங்குபவர்களும், இதெல்லாம் அறிவியலா என்று கேட்பவர்களும் உண்டு. படிகள் பேசுவது அவரவர் புரிந்துகொண்ட கடவுளைப் பற்றி. அதுவும் ஒத்துவராதவர் நான்கு வரியை எழுத எந்த நம்பிக்கையும் தேவையில்லை. அறிவியலைப் பொறுத்தவரை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வு ஒன்று, 2006இல், இந்த முறைக்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றது. 2020இல் வந்த புதிய கொக்ரேன் மீளாய்வு 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்து, பன்னிரண்டு படிகளுக்கு ஒருவரை முறையாக வழிநடத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்தது என்ற முடிவுக்கு வந்தது. நேர்மையாகச் சொன்னால், அந்த ஆய்வுகள் அளந்தது முழு முறையை: கூட்டம், நட்பு, வழிகாட்டி, படிகள் எல்லாம் சேர்ந்ததை. கணக்கெழுதுவதை மட்டும் பிரித்து அளந்த முடிவாக அதை யாரும் காட்டக் கூடாது. ஆனால் முழு முறையும் ஒன்றில்தான் நிற்கிறது, ஒருவர் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதில். தொடரக் கூடிய பழக்கமே உதவும் என்றால், தொடர முடியாத அளவுக்குக் கனத்த பழக்கத்தை அவர் தலையில் ஏற்றுவதில் நியாயமில்லை.

குடும்பத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். அந்தக் கொப்பி அவருடையது. அதைத் திறந்து படிப்பதும், சண்டையின்போது நீயே எழுதியிருக்கிறாய் என்று எடுத்துக் காட்டுவதும், அவர் உண்மை எழுதும் கடைசி நாளாக அந்த நாளை ஆக்கிவிடும். குடும்பத்தார் தங்கள் பாரத்தை இறக்கி வைக்க அல்-அனான் கூட்டங்கள் தனியாக இருக்கின்றன. அவரிடம் கேட்கக்கூடியதும் கேட்க வேண்டியதும் செயல்தான். எடுத்த பணத்தைத் திருப்பித் தந்தாரா, சொன்ன நேரத்துக்கு வந்தாரா, பிள்ளையிடம் தவறை ஒப்புக்கொண்டாரா? எழுதிய பக்கங்களின் எண்ணிக்கை இந்த முறையில் எதையும் நிரூபிப்பதில்லை. எழுதியவற்றில் ஒன்றையாவது மறுநாள் ஒரு மனிதரிடம் போய்ச் சரிசெய்தாரா என்பதே கணக்கு சரியா என்பதற்கான சோதனை. குடியை விட்டு இன்றுதான் முதல் நாள் என்றாலும், பத்தாண்டு ஆகிவிட்டது என்றாலும், அந்தச் சோதனையில் தேறுவதற்கு நான்கு வரி போதும்.